சாபாக் கடற்கரையைக் காத்து நின்றவர்களுக்கும் பெயர் உண்டு

கோத்தா பாருப் போர்க்கள நினைவுப் பணிகளுக்குப் பொறுப்பேற்றிருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

சென்ற மாதம் நீங்கள் நடத்திய கருத்துக்கேட்புக் கூட்டத்தில் கலந்துகொண்டவர்களில் நானும் ஒருவன். 1941இல் ஜப்பானியப் படை வந்திறங்கிய சாபாக் கடற்கரையில் வரும் டிசம்பர் 8ஆம் தேதிக்குள் நிறுவப்போவதாக நீங்கள் அறிவித்த விளக்கப் பலகையின் வாசகம் அன்று திரையில் காட்டப்பட்டது. ஜப்பானியப் படைத்தலைவரின் பெயர் அதில் இருந்தது. படையினரைச் சுமந்துவந்த மூன்று கப்பல்களின் பெயர்கள் இருந்தன. அவர்கள் பின்னர் மிதிவண்டிகளில் தெற்கே சென்றது பற்றி ஒரு முழுப் பத்தியே இருந்தது. கரையைக் காத்து நின்றவர்களைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது: பிரிட்டிஷ் படை சிறிது நேர எதிர்ப்புக்குப் பின் பின்வாங்கியது என்று. அந்தப் பிரிட்டிஷ் படை யார் என்று நான் எழுந்து கேட்டேன். பலகையில் இடம் போதாது என்றும், படைப்பிரிவுகளின் பெயர்கள் சுற்றுலாப் பயணிகளுக்குத் தேவைப்படாது என்றும் பதில் வந்தது. அதன் பிறகு இரண்டு கடிதங்கள் எழுதினேன். இரண்டுக்கும் பதில் இல்லை. வாசகம் அச்சுக்குப் போகவிருக்கிறது என்று கேள்விப்பட்டதால் இம்மடலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அந்த ஒற்றை வாக்கியத்தில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. அங்கே போரிட்ட காலாட்படையினரில் மிகப் பெரும்பாலோர் பிரிட்டிஷார் அல்லர்; அவர்களைப் பிரிட்டிஷ் படை என்றது முதற்பிழை. எதிர்ப்பு சிறிது நேரத்தில் முடிந்துவிட்டதாகச் சொன்னது அடுத்தது.

1941 டிசம்பரில் மலாயாவின் வடகிழக்கு மாநிலமான கிளந்தானைக் காக்கும் பொறுப்பு பிரிகேடியர் கீ தலைமையிலான 8ஆவது இந்தியக் காலாட்படை பிரிகேடிடம் இருந்தது. பாடாங், சாபாக் கடற்கரைகளைக் காத்து நின்றது 17ஆவது டோக்ரா ரெஜிமெண்டின் மூன்றாவது பட்டாலியன். ஒரு பட்டாலியன் தாங்கக்கூடிய அளவைவிட மிக நீண்ட, ஏறத்தாழ பத்து மைல் கரையில், முள்கம்பி வேலிக்கும் கண்ணிவெடிகளுக்கும் பின்னால் கான்கிரீட் காவலரண்களில் அவர்கள் பிரிந்து பிரிந்து இருந்தார்கள். அவர்களுக்குத் தெற்கே இருந்த கரையைப் பலூச் ரெஜிமெண்டின் பட்டாலியன் காத்தது. பின்னணியில் ஃபிரான்டியர் ஃபோர்ஸ் பட்டாலியன்கள் இரண்டு காத்திருந்தன. விமானத்தளத்துக்குக் காவலாக ஹைதராபாத் சமஸ்தானப் படை நிறுத்தப்பட்டிருந்தது. இமயமலை அடிவாரத்துக் காங்ராவிலும் ஜம்முவிலும் கோதுமையும் சோளமும் விளைவித்த குடும்பங்களிலிருந்து வந்த டோக்ராக்கள் அந்த மழைக்காலத்துக்கு முன் எத்தனை பேர் கடலையே பார்த்திருப்பார்களோ என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன். கிளந்தானின் பருவமழைக் கடலை, அதுவும் நள்ளிரவில், எதிரியின் கப்பல்கள் நின்ற நிலையில் அவர்கள் எதிர்கொண்டார்கள்.

டிசம்பர் 8 நள்ளிரவு கடந்து ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில் முதல் படகுகள் கரையை நெருங்கின. ஹவாய்த் தீவுகளின் பேர்ல் ஹார்பரில் முதல் குண்டு விழுவதற்கு அப்போது இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பசிபிக் போர் எங்கே தொடங்கியது என்று கேட்டால் உலகம் ஹவாயைச் சொல்கிறது. நம் மாணவர்களும் அதையே சொல்கிறார்கள். கோத்தா பாருவில் முப்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் இதை மிகுந்த வருத்தத்தோடு எழுதுகிறேன். தங்கள் வீட்டிலிருந்து மிதிவண்டியில் போய்வரக்கூடிய கடற்கரையில் அந்தப் போர் தொடங்கியது என்பதை என் வகுப்பில்தான் முதன்முதலாகக் கேட்டதாகச் சொன்ன பிள்ளைகள் ஏராளம்.

தாக்குமி ஹிரோஷி தலைமையில் வந்த ஜப்பானியப் படையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். அலை பெரிதாக இருந்ததால் படகுகள் கவிழ்ந்தன. கரைக்கு வந்தவர்கள் காவலரண்களிலிருந்து வந்த துப்பாக்கிச் சூட்டில் மணலோடு மணலாகக் கிடந்தார்கள். பாடாங்குக்கும் சாபாக்குக்கும் இடையே உள்ள கோலா பாமாட் முகத்துவாரத்தின் இருபுறமும் இருந்த அரண்களைக் கைப்பற்ற அவர்கள் கைகலப்புவரை போக வேண்டியிருந்தது. இரு தரப்பிலும் பலர் மாண்டனர். அன்றைய தாக்குதலில் ஜப்பானியத் தரப்பில் மாண்டோரும் காயமுற்றோருமாக எண்ணூறுக்கும் மேற்பட்டோர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. சிறிது நேர எதிர்ப்பில் எண்ணூறு பேர் வீழ மாட்டார்கள், ஐயா.

இரண்டு மணியளவில் விமானத்தளத்திலிருந்து ஆஸ்திரேலிய விமானப்படையின் முதலாம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்த ஹட்சன் விமானங்கள் எழும்பின. கப்பல்களின் மீது மிகத் தாழப் பறந்து அவை குண்டு வீசின. மூன்று கப்பல்களும் தாக்கப்பட்டன. அவாஜிசான் மாரு தீப்பற்றி எரிந்து, இந்தப் போரில் ஜப்பான் இழந்த முதல் வணிகக் கப்பலாயிற்று. இரண்டு ஹட்சன்கள் திரும்பி வரவில்லை. உங்கள் வாசகத்தில் அவாஜிசான் மாருவின் பெயர் இருக்கிறது. அதை எரித்தவர்கள் யார் என்பது இல்லை.

போர் முழுவதும் அந்த விமானத்தளத்துக்காக நடந்தது என்பதை உங்கள் வாசகம் சொல்லாமல் விட்டதையும் குறிப்பிட வேண்டும். இன்று பெங்காலான் செப்பாவில் சுல்தான் இஸ்மாயில் பெட்ரா விமான நிலையமாக இருக்கும் அதே இடம்தான் அது. சயாமின் (இன்றைய தாய்லாந்தின்) சிங்கோரா, பட்டாணி ஆகிய கரையோர ஊர்களில் அதே வேளையில் ஜப்பானின் பெரும்படை இறங்கிக்கொண்டிருந்தது. அதை வானிலிருந்து தாக்குவதற்கு மிக அருகில் இருந்த தளங்களில் ஒன்று இது. அதைப் பறித்துவிட்டால் மலாயாவின் வடகிழக்கு வானம் அவர்கள் வசமாகிவிடும். மலாயாவைக் காக்க வேண்டிய விமானங்கள் போதுமான அளவில் வராமலேயே போனதும், தரைப்படையின் கருத்தைக் கேளாமல் கடலோரத்தில் தளங்களைக் கட்டியதும், அவற்றைக் காக்கத் தரைப்படையைத் துண்டு துண்டாகப் பிரித்து நிறுத்த வேண்டியதாயிற்று என்பதும் அந்தப் போரை ஆராய்ந்தவர்கள் மறுக்காத செய்திகள். நடந்து போகும் தொலைவில் இருந்த ஒரு தளத்துக்காகவே டோக்ராக்கள் அந்த மணலில் நிறுத்தப்பட்டார்கள். இந்தக் காரணத்தைச் சொல்லாவிட்டால் அவர்கள் அங்கே ஏன் இறந்தார்கள் என்பதே பார்ப்பவருக்குப் புரியாது.

விடிந்ததும் ஃபிரான்டியர் ஃபோர்ஸ் பட்டாலியன்கள் இருபுறமிருந்தும் எதிர்த்தாக்குதல் நடத்தின. ஓடைகளும் சதுப்பு நிலமும் அவர்களைத் தடுத்தன. உடைப்பை அடைக்க முடியவில்லை என்றாலும் பகல் முழுவதும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. மாலை நான்கு மணியளவில் எதிரி விமானத்தளத்தின் எல்லைக்கு வந்துவிட்டான் என்று ஒரு வதந்தி பரவியது. அது உண்மையன்று. ஆனாலும் தளத்தில் இருந்தவர்கள் கட்டடங்களுக்குத் தீ வைத்துவிட்டு வெளியேறத் தொடங்கினார்கள், எஞ்சிய விமானங்கள் குவாந்தானுக்குப் பறந்தன, எரிபொருளும் குண்டுகளும் அழிக்கப்படாமல் கிடந்தன, ஓடுபாதையும் சிதைக்கப்படவில்லை. கரையில் தங்கள் தோழர்கள் எதற்காக மாண்டார்களோ அதை இழந்த பிறகும், கொட்டும் மழையிலும் இருட்டிலும் ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குப் பின்வாங்கி, அடுத்த நாள் நகரமும் கைவிட்டுப் போன பின்னர், இந்திய பட்டாலியன்கள் கோலா கிராய் சாலையிலும் ரயில்பாதையிலும் சண்டையிட்டபடியே தெற்கே சென்றன. தளத்தைக் கைவிட்டவர்களின் குழப்பத்தையும் கரையைக் காத்தவர்களின் உறுதியையும் ஒரே சொல்லில் பின்வாங்கல் என்று எழுதுவது அவர்களுக்கு இழைக்கப்படும் அநீதி.

அந்தப் பின்வாங்கலைப் பார்த்தவர் என் அப்பா. கோலா கிராய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றின் லயத்தில் அப்போது அவருக்குப் பதினொரு வயது. ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிக் கடைசிவரை அதிகம் பேசாத அவர், அந்த ஒரு நாளை மட்டும் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். மழையில் நனைந்த தலைப்பாகைகளோடும், இரத்தம் ஊறிய கட்டுகளோடும், காலணி பிய்ந்து வெறுங்காலோடும் சிப்பாய்கள் நிலையத்தை நோக்கி நடந்து போனார்களாம். தோட்டத்துப் பெண்கள் தண்ணீரும், அன்று வடித்த கஞ்சியும் கொண்டுபோய்க் கொடுத்தார்களாம். அவர்கள் பேசிய மொழி இவர்களுக்குத் தெரியாது. இவர்கள் பேசிய தமிழ் அவர்களுக்குத் தெரியாது. ஒரு சிப்பாய் குவளையைத் திருப்பிக் கொடுக்கும்போது இரு கைகளையும் கூப்பினான் என்பதைச் சொல்லும்போதெல்லாம் அப்பா சற்று நிறுத்துவார். அவன் பெயர் என்ன என்று சிறுவனாக இருந்தபோது நான் கேட்டேன். “பேரு கேக்கலையேப்பா” என்றார். அதைக் கேட்காமல் விட்டது அவருக்குக் கடைசிவரை ஒரு குறையாகவே இருந்தது. பலகையில் பெயர்கள் தேவைப்படாது என்று உங்கள் கூட்டத்தில் சொல்லப்பட்டபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்தக் குரல்தான்.

இந்த டோக்ராக்களும் பலூச் ரெஜிமெண்டினரும் தமிழர் அல்லர். நம் நாட்டில் இந்தியர் என்றாலே தமிழர் என்று நினைப்பவர்கள் பலர் என்பதால் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். என் இனத்தாருக்குப் பெருமை தேடி நான் இதை எழுதவில்லை. ஆனால் அந்த விமானத்தளம் வீழ்ந்ததன் விலையைத் தோட்டத் தமிழர்கள் வேறு விதத்தில் கொடுத்தார்கள். 1943இல் கிளந்தான் மாநிலமே சயாமிடம் ஒப்படைக்கப்பட்டது. நம் கிழக்குக் கரை ரயில்பாதையின் ஒரு பகுதியிலிருந்து தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டு சயாம்–பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டன. தண்டவாளங்களைப் போலவே ஆட்களும் கொண்டுபோகப்பட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து அந்த மரண ரயில்பாதைக்குப் போன பல்லாயிரம் தமிழரில் என் அப்பாவின் அண்ணனும் ஒருவர். அவர் திரும்பவில்லை. அவருக்கும் எங்கும் ஒரு கல் இல்லை. பெயரில்லாமல் போவது என்றால் ஒரு குடும்பத்துக்கு என்ன என்பது எங்களுக்குத் தெரியும் என்பதனாலேயே, இமயமலை அடிவாரத்தில் எங்கோ இருக்கும் அந்தக் குடும்பங்களுக்காகவும் பேச எனக்கு உரிமை உண்டு என்று கருதுகிறேன்.

கூட்டத்தில் இன்னொரு வாதமும் வைக்கப்பட்டது. அவர்கள் காலனி ஆதிக்கத்தின் சம்பளப் படையினர். சுதந்திர மலேசியா அவர்களை ஏன் போற்ற வேண்டும் என்பது அது. இந்த வாதத்தை நான் எளிதாக ஒதுக்கவில்லை. பேரரசின் புகழைப் பாடும் கல் எதையும் நான் கேட்கவில்லை. கேளாமலே அந்தப் பேரரசு அவர்களை இங்கே கொண்டுவந்தது. போதிய விமானங்கள் இல்லாமல், டாங்கிகள் இல்லாமல், பத்து மைல் கரையை ஒரு பட்டாலியனிடம் ஒப்படைத்தது. இந்தியா விடுதலை பெற்ற பின் அங்கும் அவர்கள் அந்நியக் கொடிக்குக் கீழே இறந்தவர்களாயினர், இங்கும் அந்நியர்களாயினர். இரண்டு நாடுகளின் வரலாற்றுக்கும் இடையில் விழுந்துபோனவர்கள் என்பதே அவர்களை நினைவுகூர முதற்காரணமாக இருக்க வேண்டும். சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங்கில் 1942 பிப்ரவரியில் மலாய் ரெஜிமெண்டோடு நின்று மாண்ட லெப்டினன்ட் அட்னான் சைடியின் பெயரை நம் பிள்ளைகள் எல்லோரும் அறிவார்கள். அவரும் அதே கொடிக்குக் கீழேதான் போரிட்டார். அவரைப் போற்றுவது முற்றிலும் சரி. அவருக்குப் பொருந்தும் நியாயம் சாபாக் கரையில் இறந்தவர்களுக்குப் பொருந்தாமல் போவது எப்படி?

இறந்த ஜப்பானியரைக் குறிப்பிட வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. அந்த அலையில் மூழ்கிய இளைஞர்களும் யாரோ பெற்ற பிள்ளைகளே. அவர்களின் குடும்பத்தார் வந்து கடலைப் பார்த்து வணங்கிச் சென்றால் அதற்கு இடம் இருக்க வேண்டும். இறங்கியவர்களின் பெயர் இருக்கும் இடத்தில் எதிர்த்து நின்றவர்களின் பெயரும் இருக்க வேண்டும் என்பது மட்டுமே என் வழக்கு.

இறந்த சிப்பாய்களுக்குத் தைப்பிங்கிலும் சிங்கப்பூர்க் கிராஞ்சியிலும் ஏற்கெனவே நினைவிடங்கள் உள்ளன என்று நீங்கள் சொல்லக்கூடும். உண்மைதான். தைப்பிங் போர்க்கல்லறையில் 850க்கும் மேற்பட்டோர் உள்ளனர். அவர்களில் 500க்கும் மேற்பட்டோர் அடையாளம் தெரியாதவர்கள். கிராஞ்சித் தூண்களில் கல்லறையே இல்லாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. டோக்ரா ரெஜிமெண்டின் பெயர்களையும் அங்கே தேடிப் படித்திருக்கிறேன். எவ்வளவோ பெயர்களுக்கு நடுவே, நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இருக்கும் அந்தத் தூண், இவர் எந்தக் கரையில் எந்த இரவில் இறந்தார் என்று சொல்வதில்லை. அதைச் சொல்லும் கடமை இடத்துக்கே உரியது. அந்த இடம் உங்கள் பொறுப்பில் இருக்கிறது.

அந்த இடமும் போய்க்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு டிசம்பரிலும் மாணவர்களைச் சாபாக்குக்கு அழைத்துப் போவது என் வழக்கம். முதன்முதலில் போனபோது தென்னைகளுக்கு இடையே நாங்கள் உட்கார்ந்து சோறு சாப்பிட்ட மணல், நான் ஓய்வு பெற்ற ஆண்டில் கடலுக்குள் இருந்தது. படகுகள் இறங்கிய 1941ஆம் ஆண்டுக் கரை இன்று அலைக்கு அடியில்தான் இருக்கிறது. அலை அரிப்பை நிறுத்த உங்களால் முடியாது என்பதை அறிவேன்; உள்ளே தள்ளி, விமான நிலையத்தைச் சுற்றியுள்ள தோப்புகளிலும் குடியிருப்புகளிலும் இன்னும் நிற்கும் காவலரண்களைக் காப்பாற்ற உங்களால் முடியும். நான் கடைசியாகப் பார்த்த ஒன்றில் ஆட்டுத்தழை அடுக்கியிருந்தார்கள். இன்னொன்றின் துப்பாக்கித் துளை வழியே குப்பை கொட்டப்பட்டிருந்தது. அந்த வீட்டுக்காரரிடம் பேசியபோது, அது என்ன கட்டடம் என்று யாரும் தமக்குச் சொன்னதில்லை என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தக் கான்கிரீட்டின் அருகே ஒரு சாண் பலகைகூட இல்லை என்பதற்கு அவர் பொறுப்பாக மாட்டார்.

என் கோரிக்கைகளை வெளிப்படையாக வைக்கிறேன். முதலாவதாக, இப்போதைய வாசகத்தை அச்சுக்கு அனுப்புவதை நிறுத்துங்கள். சிறிது நேர எதிர்ப்பு என்ற தொடரை நீக்கி, கரையைக் காத்த பட்டாலியன்களின் பெயர்களையும், எதிர்த்தாக்குதல் நடத்தியவர்களின் பெயர்களையும், ஹட்சன்களை ஓட்டிய ஆஸ்திரேலிய ஸ்குவாட்ரனின் பெயரையும் எழுதுங்கள். இடம் போதாது என்றால் மிதிவண்டிப் பத்தியைச் சுருக்குங்கள். மிதிவண்டிகள் சாபாக் மணலில் ஓடவில்லை. பேர்ல் ஹார்பருக்கு முன்பே இங்கே போர் தொடங்கியது என்பதை நேரத்தோடு குறிப்பிடுங்கள்.

கோத்தா பாருவில் அந்த இரவிலும் மறுநாளும் மாண்ட இந்தியச் சிப்பாய்களின் பெயர்ப்பட்டியலை, போர்க்கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையத்தின் பதிவுகளிலிருந்து கேட்டுப் பெறுங்கள். பெயர் கிடைக்கும் ஒவ்வொருவருக்கும் கரையில் ஒரு வரி ஒதுக்குங்கள். அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் பணியில் ஊதியம் எதுவும் இல்லாமல் உதவ நானும், என்னிடம் படித்து இன்று ஆசிரியர்களாக இருக்கும் சிலரும் அணியமாக இருக்கிறோம். பலகை மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய மொழிகளில் இருக்கட்டும். மாண்டவர்களின் குடும்பங்களிலிருந்து ஒருவர் என்றாவது வந்தால் படிக்கும்படி இந்தியிலும் சில வரிகள் இருக்கட்டும்.

விமான நிலையத்துப் பயணிகள் கூடத்தில், இந்த ஓடுபாதைக்காக நடந்த போரைச் சொல்லும் ஒரு சிறு பலகையை வைக்க நிலையத்தாரிடம் நீங்களே பேசுங்கள். எஞ்சியிருக்கும் காவலரண்கள் அனைத்தையும் அடுத்த பருவமழைக்கு முன் கணக்கெடுத்து, ஒவ்வொன்றின் இருப்பிடத்தையும் நிலையையும் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள். 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டத்தின் கீழ் அவற்றைப் பதிவு செய்ய விண்ணப்பியுங்கள். டிசம்பர் 8 நிகழ்ச்சிக்கு இந்திய, ஆஸ்திரேலிய, ஜப்பானியத் தூதரகங்களுக்கு ஒரே மாதிரியான அழைப்பை அனுப்புங்கள். கிளந்தானில் இருக்கும் ஒரே தமிழ்ப்பள்ளியின் மாணவர்களையும் மற்றப் பள்ளிகளின் மாணவர்களையும் அன்று காலை கரைக்கு வரவழைத்து, பெயர்களை அவர்களைக் கொண்டு வாசிக்கச் செய்யுங்கள்.

இம்மடலுக்கு எழுத்துமூலமான பதிலை ஒரு மாதத்துக்குள் எதிர்பார்க்கிறேன். அதுவரை வாசகம் மாற்றப்படாமல் பலகை நிறுவப்பட்டால், அந்த நாளில் நான் என் முன்னாள் மாணவர்களோடு கரைக்கு வந்து, கிராஞ்சித் தூண்களிலிருந்து நான் பார்த்து எழுதிக்கொண்டுவந்த டோக்ராப் பெயர்களை உங்கள் பலகைக்கு அருகில் நின்று உரக்க வாசிப்பேன்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்,
கோத்தா பாரு, கிளந்தான்.